அரசிதழில் பிறந்த ஓய்வூதியம்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் மாறுதலில் வந்து சேரும் ஒருவரிடம் சீக்கிரமே ஒரு கேள்வி விழும்: "நீங்க பழசா, சி.பி.எஸ்.ஸா?" 2003 ஏப்ரல் 1 என்ற தேதி அங்கே ஒரு மதில்சுவர் மாதிரி நிற்கிறது. அதற்கு முன் பணியில் சேர்ந்து முழுக்காலம் வேலை பார்த்தவர் கடைசிச் சம்பளத்தில் பாதியை ஆயுள் முடியும்வரை வாங்குவார். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். அந்தத் தேதியிலோ பிறகோ சேர்ந்து, சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் கட்டினார். அறுபது வயதில் கைக்கு என்ன வரும் என்பதை அவருக்குச் சொல்ல நெடுங்காலம் ஆளில்லை. ஒன்றிய அரசுப் பணியில் இதே மதில் ஒன்பது மாதம் தள்ளி, 2004 ஜனவரி 1-இல் எழும்பியது.

எழுப்பியவர் யார் என்று பார்த்தால் நாடாளுமன்றத்தின் பெயர் வராது. நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை 2003 டிசம்பர் 22 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சில பத்திகளே கொண்டது. இராணுவத்தினர் நீங்கலாக, புதிதாக ஒன்றிய அரசுப் பணிக்கு வருவோர் அனைவருக்கும் பங்களிப்பு ஓய்வூதியம் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வேலையை ஓர் அரசாணை செய்தது. நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 2013 செப்டம்பரில்; சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 பிப்ரவரி 1-இல். தாலி கட்டி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு திருமணத்தைப் பதிவு செய்த கதைதான் இது.

பழைய திட்டம் நல்லதா, புதிய திட்டம் நல்லதா என்ற வழக்கு வேறு. அதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஓய்வூதியச் செலவு மாநில வருவாயை விழுங்குகிறது என்பதும் உண்மை, முதுமையைப் பங்குச்சந்தையின் கையில் ஒப்படைத்த ஊழியரின் கலக்கமும் உண்மை. இந்தக் கட்டுரை பார்ப்பது இன்னொன்றை. பல லட்சம் குடும்பங்களின் அந்திமக் காலத்தை மாற்றி எழுதும் ஒரு முடிவை, அதை அலசுவதற்கென்றே இருக்கும் மன்றம் எப்போது பார்த்தது, பார்த்தபோது என்ன கண்டது, கண்டதைச் சொன்னபோது என்ன நடந்தது?

309 என்ற கதவு

சட்டமே இல்லாமல் பத்தாண்டு ஓர் ஓய்வூதியத் திட்டம் ஓட முடிந்ததற்கு அரசியல் சாசனத்திலேயே வழி இருக்கிறது. பிரிவு 309, அரசு ஊழியரின் பணி நிபந்தனைகளைச் சட்டமியற்றும் மன்றங்கள் சட்டத்தால் வகுக்கலாம் என்கிறது. அவ்வாறு சட்டம் வரும்வரை குடியரசுத் தலைவரும் ஆளுநரும் விதிகள் செய்துகொள்ளலாம் என்று ஒரு வரம்புரையையும் சேர்க்கிறது. 'வரும்வரை' என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம். இடைக்கால ஏற்பாடாகச் சொன்னது நிரந்தரமாகிவிட்டது. ஒன்றிய அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியமே 2021 வரை 1972-ஆம் ஆண்டின் குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளில்தான் நின்றது. அவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, நிர்வாகம் எழுதிய விதிகள். எழுதிய கைக்கே திருத்தும் உரிமையும் இருந்தது. 2003 டிசம்பர் கடைசியில், இந்த விதிகள் 31-ஆம் தேதிவரை பணியில் சேர்ந்தவருக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒரு திருத்தம் போதுமானதாக இருந்தது.

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, செய்த பணிக்கு உரிய உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் இன்றும் அந்த நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த உரிமைக்கு அடியில் சட்டம் என்ற கல் இல்லை, விதி என்ற மண்தான் இருந்தது. தொழிற்சங்கங்கள் அன்றே அந்த வெற்றியோடு நிற்காமல், ஓய்வூதியத்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டு அலைந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நல்ல நாளில் யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை.

வல்லுநர் சொன்னது, அரசு எடுத்தது

சீர்திருத்தம் என்ற சொல் முதலில் வந்தது வேறு வாசல் வழியாக. சமூக நீதி அமைச்சகம் 1998-இல் எஸ்.ஏ.டவே தலைமையில் 'ஒயாசிஸ்' என்ற குழுவை அமைத்தது. ஓய்வூதியமே இல்லாத கோடிக்கணக்கான அமைப்புசாராத் தொழிலாளருக்கு முதுமைச் சேமிப்புக்கு வழி காண்பதுதான் அதன் வேலை. குழு 2000-இல் அறிக்கை தந்தது. தனிநபர் கணக்கு, கணக்கைத் தேடிவரும் நிதி மேலாளர்கள், ஒற்றை எண் என்று அது வரைந்த படம் கடைசியில் பொருத்தப்பட்டது யாருக்கு? ஏற்கெனவே ஓய்வூதியம் இருந்த அரசு ஊழியருக்கு. இல்லாதவனுக்குத் தைத்த சட்டையை இருக்கிறவனின் சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டிய விந்தையை அன்று மக்களவையில் யாராவது நின்று கேட்டிருக்க வேண்டும்.

2001 வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா, அந்த ஆண்டு அக்டோபர் முதல் பணியில் சேர்வோருக்குப் புதிய ஓய்வூதியம் என்று அறிவித்தார். அது நடக்கவில்லை. பி.கே.பட்டாச்சார்யா தலைமையில் உயர்மட்ட வல்லுநர் குழு ஒன்று அமைந்தது. 2002-இல் அது தந்த யோசனை கலப்பு வகையைச் சேர்ந்தது: ஊழியரும் அரசும் சரிசமமாகப் பணம் போடட்டும், ஆனால் ஊழியருக்கு இவ்வளவு ஓய்வூதியம் என்ற வாக்குறுதியும் இருக்கட்டும். அரசு முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. பங்களிப்பு நிச்சயம், பலன் சந்தைப்படி.

வல்லுநர் குழுவின் யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் அரசின் உரிமை. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏன் தள்ளினீர்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவின் மேசையில் நிதித்துறைச் செயலரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் ஒரு பதில் பதிவாகியிருக்கும். கணக்கு தவறு என்றால் கணக்கு வெளியே வந்திருக்கும். 2003-இல் ஒரு மசோதாவே இல்லாததால் நிலைக்குழுவுக்கு அந்தக் கேள்விக்கான மேசையும் இல்லை. கேட்கப்படாத கேள்வியின் விலை இருபத்தோரு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

சட்டம் இல்லாத பத்தாண்டு

ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் 2003 அக்டோபரில் ஓர் அரசுத் தீர்மானத்தின் வழியாக இடைக்கால அமைப்பாகப் பிறந்தது. ஆட்சி மாறியது. பா.ஜ.க. கூட்டணி தொடங்கியதைக் காங்கிரஸ் கூட்டணி அப்படியே கையில் எடுத்தது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டது. 2005 மார்ச்சில் மசோதாவாகக் கொண்டுவந்தது. அவசரச் சட்டம் காலாவதியானது. மசோதா நிதி நிலைக்குழுவுக்குப் போனது. குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு நான்கு ஆண்டு மசோதா அசையவில்லை. இடதுசாரிகளின் தோளில் நின்ற அரசு, அவர்கள் எதிர்த்த மசோதாவை அவைக்குக் கொண்டுவரத் துணியவில்லை. 2009-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் இறந்தது.

இது நாடாளுமன்றத்தின் வெற்றி என்று சிலர் சொல்வார்கள்: எதிர்ப்பு இருந்தது, சட்டம் நின்றது. நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டம் நின்றதே தவிர திட்டம் நிற்கவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. பிடித்த பணம் முதல் சில ஆண்டு அரசின் பொதுக் கணக்கிலேயே கிடந்தது. 2008-இலிருந்து மூன்று பொதுத்துறை நிதி மேலாளர்களிடம் போனது. 2009 மே மாதம், எந்தச் சட்டமும் இல்லாமலே, திட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பங்களிப்பு முறைக்கு மாறின. மேற்கு வங்கம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஆக, மசோதாவைத் தடுத்தவர்களால் தடுக்க முடிந்தது மேற்பார்வையை மட்டும்தான். ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை. சந்தாதாரருக்கு முறையிடச் சட்டப்படி ஓர் இடம் இல்லை. பணம் மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2020-இல் அளித்த அறிக்கை இந்தக் காலத்தின் கணக்கைப் பிறகு திறந்து பார்த்தது. தகுதியுள்ள ஊழியர் அனைவரும் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்களா என்பதற்கே உறுதி இல்லை என்றும், பிடித்த பணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்றும் அது எழுதியது. திட்டம் தொடங்கிப் பதினாறு ஆண்டுக்குப் பிறகு வந்த கண்டுபிடிப்பு.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் விசித்திரமாக இருந்தது. 2003 ஜூலை வேலைநிறுத்தமும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஒட்டுமொத்தப் பணிநீக்கமும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நடந்த அதே ஆண்டில் இங்கே சி.பி.எஸ். வந்தது. ஒன்றிய ஒழுங்குமுறை ஆணையத்தோடு மாநிலம் இணையவில்லை. பழைய உறுதியும் இல்லை, புதிய கண்காணிப்பும் இல்லை. 2016-இல் ஒரு வல்லுநர் குழு அமைந்தது, தலைவர் மாறினார், 2018-இல் அறிக்கை வந்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம். 2021 தேர்தல் அறிக்கையில் பழைய திட்டம் பற்றிய வாக்குறுதி. 2025 தொடக்கத்தில் இன்னொரு குழு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதங்களில் இது வந்து போனது. இந்த வரிசை முழுவதிலும் ஒரு மசோதா இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலைக்குழு கண்டது

2011-இல் மசோதா மறுபடி வந்தது. நிதி நிலைக்குழுவுக்கு அப்போது தலைவர் யார்? பத்தாண்டுக்கு முன் நிதியமைச்சராகப் புதிய ஓய்வூதியத்தை முதலில் அறிவித்த அதே யஷ்வந்த் சின்கா. திட்டத்தின் தகப்பனே பரிசோதகராக வந்தால் பிள்ளைக்கு முழு மதிப்பெண் விழும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். குழு அப்படிச் செய்யவில்லை. 2011 ஆகஸ்டு அறிக்கையில் அது திட்டத்தின் அடித்தளத்தை ஏற்றுக்கொண்டாலும், சரியான இடத்தில் கைவைத்தது. ஊழியர் போடும் பணத்துக்குக் குறைந்தபட்ச வருவாய் உறுதி வேண்டும். அது வருங்கால வைப்பு நிதியின் வட்டி விகிதத்துக்குக் குறையக்கூடாது என்றது. அந்நிய முதலீட்டின் உச்சவரம்பு 26 சதவீதம் என்பதை விதிக்கு விட்டுவிடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றது.

2013 செப்டம்பர் 4 அன்று நிதியமைச்சர் ப.சிதம்பரம் முன்வைத்த மசோதாவை மக்களவை 174-க்கு 33 என்ற வாக்கில் ஏற்றது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையும் ஏற்றது. ஆளுங்கட்சியும் முதன்மை எதிர்க்கட்சியும் ஒரே பக்கம் நின்றன. இரண்டுமே இந்தத் திட்டத்தை ஆளுக்குப் பாதியாக வளர்த்தவை. எதிர்த்துக் கேட்கும் வாய் இரண்டு பெரிய கட்சியிலும் இல்லை.

நிலைக்குழு சொன்னவை சட்டத்துக்குள் வந்த விதத்தைப் பார்ப்பது நல்ல பாடம். அந்நிய முதலீட்டு வரம்பு சட்டத்தில் ஏறியது, ஆனால் எப்படி? 26 சதவீதம், அல்லது காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுமதிக்கப்படும் அளவு, இரண்டில் எது அதிகமோ அது. கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு அங்கே வரம்பு 49 ஆனபோது, ஓய்வூதியத்தைப் பற்றி அவையில் தனியே ஒரு மசோதா வராமலே இங்கேயும் 49 ஆனது.

குறைந்தபட்ச உறுதியும் இப்படித்தான். அதை விரும்பும் சந்தாதாரருக்கு, ஆணையம் அறிவிக்கும் அத்தகைய திட்டத்தில் முதலீடு செய்யும் தெரிவு உண்டு என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்ந்தது. வைப்பு நிதி வட்டி என்ற அளவுகோல் காணாமல் போனது. அதே பிரிவில் இன்னொரு வரி, சந்தாதாரர் காசு கொடுத்துச் சந்தையில் வாங்கும் உத்தரவாதம் தவிர, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எந்தப் பலனுக்கும் உறுதி கிடையாது என்றது. சட்டம் வந்து பத்தாண்டு கழிந்த பிறகும் அந்த உறுதித் திட்டம் சந்தாதாரர் கைக்கு வரவில்லை. ஒரு குழுவின் பரிந்துரையை நிராகரிப்பதைவிட அதை ஏற்றுக்கொண்டதுபோல் எழுதுவது எளிது. நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

20-ஆம் பிரிவின் தொடக்க வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. 2003 டிசம்பர் 22 அறிவிக்கை, இந்தச் சட்டத்தின்கீழ் வந்ததாகவே 2004 ஜனவரி 1 முதல் கருதப்படும் என்கிறது அது. போனதற்கு மஞ்சள் தெளித்தது சரி, வேறு வழியில்லை. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை: இந்தத் திட்டத்தை அவ்வப்போது ஒழுங்குவிதிகளாலோ அறிவிக்கையாலோ திருத்தலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டு காத்திருந்து கைக்கு வந்த அதிகாரத்தை மன்றம் அதே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கொடுத்ததை அரசு பயன்படுத்தியது. அரசின் பங்கு 10-லிருந்து 14 சதவீதமாக 2019 ஏப்ரலில் உயர்ந்தது அறிவிக்கையால். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் என்று மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்பத் தொடங்க, ஒன்றிய அரசு இறங்கி வர வேண்டியதாயிற்று. அந்த மாநிலங்களும் சட்டமன்றக் குழு ஒன்றை வைத்துப் பரிசீலித்து முடிவெடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வழியாலேயே திரும்பி வந்தார்கள். 2023 மார்ச் 24-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிதித்துறைச் செயலர் டி.வி.சோமநாதன் தலைமையில் குழு அமைப்பதாக மக்களவையில் அறிவித்தார். அன்று நிதி மசோதா கூச்சலுக்கு நடுவே விவாதமின்றி நிறைவேறிய நாள். 2024 ஆகஸ்டு 24-இல் அமைச்சரவை 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' என்ற யு.பி.எஸ்.ஸுக்கு ஒப்புதல் தந்தது. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. பத்தாண்டு முடித்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய். குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். ஊழியர் 10 சதவீதம் கட்டுவார், அரசு 18.5 சதவீதம் போடும். 2025 ஜனவரி 24-இல் அறிவிக்கை, ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

ஊழியரும் பணம் போடட்டும், பலனுக்கும் வாக்குறுதி இருக்கட்டும். இதைத்தானே பட்டாச்சார்யா குழு 2002-இல் சொன்னது? நிலைக்குழு 2011-இல் உறுதி வேண்டும் என்று சொன்னதும் இந்தத் திசைதானே? எந்த உறுதியும் கிடையாது என்று தாய்ச்சட்டம் ஒரு வரியில் சொல்லிக்கொண்டிருக்க, உறுதியளிக்கும் திட்டம் அதே சட்டத்தின் திட்டத்துக்குள் ஒரு தெரிவாக அறிவிக்கையால் நுழைந்தது. சட்டத்தைத் திருத்தி முறையாகச் செய்திருக்கலாம். திருத்தம் என்றால் மசோதா. மசோதா என்றால் நிலைக்குழு. நிலைக்குழு என்றால் கேள்விகள். அந்தக் கேள்விகள் இல்லாததன் பலனும் தெரிந்தது. சுமார் 23 லட்சம் ஊழியருக்கான திட்டம் என்று அறிவிக்கப்பட்டதில், 2025 ஜூலை 20 வரை சேர்ந்தவர்கள் 31 ஆயிரத்துச் சொச்சம் பேர் என்று அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. இந்த எண்ணிக்கை வெளியே வந்ததும் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியால்தான்.

ஆயிரம் ரூபாயும் இருநூறு ரூபாயும்

அரசு ஊழியர் ஓய்வூதியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஒருவகையில் அநியாயம். அவர்களுக்குச் சங்கம் உண்டு, வாக்கு உண்டு, வேலைநிறுத்தம் உண்டு. மற்றவர்களின் கதை குழு அறிக்கைகளுக்குள் முடங்கிக் கிடக்கிறது.

தனியார் நிறுவனத் தொழிலாளருக்கான இ.பி.எஸ். 95, வைப்பு நிதிச் சட்டத்தின்கீழ் அரசு எழுதிய திட்டம். முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. ஒன்றிய அரசு 1.16 சதவீதம் போடுகிறது. மிகக் குறைந்த தொகையை ஓய்வூதியமாக வாங்கியவர்களின் மனு மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்குப் போனது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2013-இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 3,000 ரூபாய் ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தது. சாதாரண மனுதாரரின் தாள் ஒன்று மன்றத்தின் வாய்வழியாகப் பேசிய அரிய தருணம் அது. அரசு 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் கொடுத்தது. அந்தத் தொகை போதவே போதாது என்று தொழிலாளர் நிலைக்குழு 2022-இலும் எழுதியது. 2025-இலும் ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது.

அதே 2014 திருத்தத்தில், ஊதிய உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கும் ஓய்வூதியம் கோருவோர் கூடுதலாக 1.16 சதவீதம் கட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஊழியரிடம் ஓய்வூதியப் பங்கு வசூலிக்கத் தாய்ச்சட்டம் இடமே தரவில்லை. இதை 2022 நவம்பர் 4-இல் கண்டு சொன்னது உச்ச நீதிமன்றம். இத்தகைய அறிவிக்கைகள் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படுகின்றன. சட்டம் தாண்டிய விதிகளைப் பிடிப்பதற்கென்றே இரு அவையிலும் சார்நிலைச் சட்டங்களுக்கான குழு இருக்கிறது. எட்டாண்டு அந்த விதி அங்கே கண்டுகொள்ளப்படாமல் இருந்தது.

முதியோர் ஓய்வூதியம் இன்னும் பரிதாபம். 1995 ஆகஸ்டு 15-இல் மாதம் 75 ரூபாயோடு தொடங்கியது, 2006-07-இல் 200 ஆனது. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரை உள்ளோருக்கு ஒன்றிய அரசின் பங்கு அதே 200-இல் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு மூதாட்டி 1,200 வாங்குகிறார் என்றால் மிச்சத்தை மாநிலம் போடுகிறது. ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. நடவடிக்கை அறிக்கை ஒன்றைக் கொடுத்தால் கடமை முடிந்தது.

அப்படியானால் குழுக்களால் என்ன பயன் என்று கேட்கலாம். வைப்பு நிதியில் வேறு வழிகள்தான் வேகமாகப் பலித்தன. 2016 வரவுசெலவுத் திட்டத்தில் வைப்பு நிதியை எடுக்கும்போது 60 சதவீதத்துக்கு வரி என்று வந்த யோசனை, எழுந்த கூச்சலில் மார்ச் 8-ஆம் தேதியே திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம், பணம் எடுப்பதற்கான கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நாளில் அந்த விதியும் போனது. தெரு இரண்டு நாளில் செய்ததை மேசை பத்தாண்டில் செய்யவில்லை. ஆனால் தெருவால் முடிவது தடுப்பது மட்டுமே. எந்த விகிதம் தாங்கும், பொறுப்பை யார் சுமப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் பணம் இருக்குமா என்ற கணக்கை மறியலில் போட முடியாது. அதற்குச் சாட்சிகளை அழைத்து, ஆவணம் கேட்டு, கட்சிக் கொறடாவின் கண் படாத அறையில் உட்கார்ந்து பேசும் இடம் வேண்டும். 1993-இல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தது அதற்காகத்தான்.

அந்த இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. பி.ஆர்.எஸ். ஆய்வமைப்பின் கணக்குப்படி, 2009-14 மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின; 2019-24-இல் 16 சதவீதம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு மசோதா அந்தப் பதினாறு சதவீதத்தில் ஒன்று. நிலைக்குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, செப்டம்பரில் புதியதைக் கொண்டுவந்தது. அது குழுவுக்குப் போகவில்லை. எதிர்க்கட்சிகள் வெளியே இருக்க, ஒன்பது சட்டங்களை விழுங்கிய அந்தத் தொகுப்பு செப்டம்பர் 22, 23 ஆகிய இரண்டே நாளில் இரு அவையையும் தாண்டியது.

2025 மார்ச்

இந்த வரிசையில் கடைசியாக நடந்தது அதிகம் பேசப்படாமலே போய்விட்டது. 2006-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் பின் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு குறித்த வழக்குகளில் அரசு தோற்றது. உடனே 2025 நிதி மசோதாவோடு அரசே கொண்டுவந்த திருத்தமாக ஒரு புதிய பகுதி ஒட்டப்பட்டது: குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளைச் செல்லுபடியாக்கும் பகுதி. ஓய்வூதியரை வகைப்படுத்தவும், ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபடுத்தவும் அரசுக்கு எப்போதும் அதிகாரம் இருந்தது, 1972 ஜூன் 1 முதலே இருந்தது என்று அது சொல்கிறது. ஏழாவது ஊதியக் குழு தந்த சமநிலைக்கு இதனால் பங்கமில்லை என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் தந்தார். இருக்கட்டும். ஐம்பது ஆண்டு நீதிமன்றங்களில் அலசப்பட்ட ஒரு பொருள் கடைசியில் நாடாளுமன்றத்தின் சட்டமாக வந்தபோது, எந்த நிலைக்குழுவும் பார்க்க முடியாத, மாநிலங்களவை யோசனை மட்டுமே சொல்லக்கூடிய பண மசோதாவின் மடிப்புக்குள் வைத்து வந்தது. 309-ஆம் பிரிவு 1950-இலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்த சட்டம் இதுவாக இருக்க வேண்டாம்.

மக்களவை அந்த நிதி மசோதாவை ஏற்றது 2025 மார்ச் 25 அன்று. அதற்கு முந்தைய நாள் அரசிதழில் இன்னொரு ஓய்வூதிய அறிவிக்கை வந்திருந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாத ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக, 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு உயர்த்தப்பட்டது. உறுப்பினர் ஓய்வூதியத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1976-இல் அதில் ஓய்வூதியம் சேர்ந்தது. தொகை நிச்சயம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயர 2018 நிதிச் சட்டத்தில் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள்.